நர்சிங் படிப்பும் வெளிநாட்டு உரிமமும்: பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

(கல்வி உதவி மனுக்கள் பெறுவதற்கு முன்பாக, மதரஸா மண்டபத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் நடந்த பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம் அறக்கட்டளையின் கல்வி உதவி மனுவின் கடைசிப் பக்கத்தில், "படித்து முடித்து என்ன செய்ய உத்தேசம்?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. நர்சிங் படிப்புக்கு உதவி கேட்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதில் ஒரே ஒரு சொல்தான் எழுதுகிறார்கள்: "வெளிநாடு". எந்த நாடு, எந்தப் பதவி, எந்தப் பதிவு என்பது அங்கே இருப்பதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. நாங்களும் அதைக் கேட்காமல்தான் பல ஆண்டுகள் பணம் கொடுத்து வந்தோம்.

அதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் மூன்று பெண் பிள்ளைகளுக்கு ஒரு வருட "நர்சிங் டிப்ளமா" படிப்புக்கு ஜகாத் நிதியிலிருந்து கட்டணம் கட்டினோம். கட்டடம் இருந்தது, வெள்ளைச் சீருடை இருந்தது, சுவரில் சான்றிதழ்கள் தொங்கின. அந்த நிறுவனம் நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. படிப்பு முடிந்து, அதில் ஒரு பிள்ளைக்குச் சவூதியில் வேலை இருப்பதாக ஒருவர் சொல்லி, கவுன்சில் பதிவு எண் கேட்டார். அப்படி ஒரு எண்ணே இல்லை. அந்தப் பிள்ளை வெளிநாட்டில் மட்டுமல்ல, நம் மாவட்டத்திலும் சட்டப்படி நர்ஸ் இல்லை. அவருடைய வாப்பா அலுவலகத்துக்கு வந்து சத்தம் போடவில்லை. "காக்கா, டிரஸ்ட் பணம் கட்டுதுன்னா சரியான இடமாத்தான் இருக்கும்னு நெனச்சோம்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்தான் இன்று இந்தக் கூட்டத்தை நடத்த வைத்தது.

நம் நாட்டில் நர்சிங் படிப்பு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஏ.என்.எம். இரண்டு வருடம். ஜி.என்.எம். மூன்று வருடம். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். இந்தியாவில் நர்சிங் கல்வியின் தரத்தை 1947-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துவந்திருக்கிறது. படித்தவரைப் பதிவு செய்வது மாநிலக் கவுன்சில். நமக்கு அது சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில். பதிவேட்டில் ஏ.என்.எம். ஒரு பிரிவு, ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டும் வேறொரு பிரிவு. "நர்சிங் அசிஸ்டென்ட்", "ஹெல்த் அசிஸ்டென்ட்" என்ற ஒரு வருடப் படிப்புகளை முடித்தவர் ஆஸ்பத்திரியில் உதவியாளராக வேலை பார்க்கலாம். அது ஹலாலான, கண்ணியமான உழைப்பு. ஆனால் அதை வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவருக்கு வெளிநாட்டில் நர்ஸ் உரிமம் கிடைக்காது.

இப்போது கடலுக்கு அப்பால் வருவோம். பல நாடுகளில் நர்ஸ் என்பது இரண்டு படிகளாக இருக்கிறது. மேல் படியில் இருப்பவர் ரெஜிஸ்டர்டு நர்ஸ். அவருக்குக் கீழே இரண்டாம் படியில் இருப்பவரை அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ் என்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ரெஜிஸ்டர்டு பிராக்டிகல் நர்ஸ். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் என்ரோல்டு நர்ஸ். வளைகுடாவில் அசிஸ்டென்ட் நர்ஸ் என்று ஒரு பிரிவு உண்டு. நம் பிள்ளை இங்கே என்ன படித்தார் என்பதை வைத்து, அங்கே எந்தப் படியில் நிறுத்துவது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். ஏஜெண்ட் முடிவு செய்வதில்லை. இங்கே எல்லோரும் "சிஸ்டர்" என்று கூப்பிடுகிறார்கள் என்பதற்காக அங்கே மேல் படி கிடைத்துவிடாது.

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் போவது வளைகுடாவுக்கு என்பதால் அதை விரிவாகச் சொல்கிறோம். சவூதியில் உரிமம் தருவது சுகாதாரச் சிறப்புத் துறைகளுக்கான சவூதி ஆணையம். அமீரகத்தில் ஒரே நாடாக இருந்தாலும் மூன்று இடங்கள்: துபாய்க்கு டி.எச்.ஏ., அபுதாபிக்கு டி.ஓ.எச்., மற்ற அமீரகங்களுக்குச் சுகாதார அமைச்சகம். பஹ்ரைன், கத்தார், ஓமன், குவைத் ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு. பெயர்கள் வேறானாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். சான்றிதழ்களின் உண்மைத் தன்மை சரிபார்க்கப்படும். கணினித் தேர்வு எழுத வேண்டும். நம்மவர்கள் அதைப் பொதுவாக "ப்ரோமெட்ரிக்" என்கிறார்கள். பல இடங்களில் ஆஸ்பத்திரி அனுபவமும் கேட்பார்கள். படித்து முடித்துக் கல்யாணம், குழந்தை என்று சில வருடங்கள் வீட்டில் இருந்த பெண்கள், அந்த இடைவெளிக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரிபார்ப்பு எப்படி நடக்கிறது என்பதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நாடுகள் பெரும்பாலும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் மூலம் அதைச் செய்கின்றன. அவர்கள் நாம் கொடுக்கும் சான்றிதழின் நகலை நம்புவதில்லை. படித்த கல்லூரியிடம் நேராகக் கேட்பார்கள். பதிவு செய்த கவுன்சிலிடம் கேட்பார்கள். வேலை பார்த்ததாகச் சொன்ன ஆஸ்பத்திரியிடமும் கேட்பார்கள். ஆஸ்பத்திரி பதில் போடவில்லை என்றால், உண்மையாகவே வேலை பார்த்தவருக்கும் அந்த அனுபவம் நிரூபிக்கப்படாமல் போகும். அதனால் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, விலகும்போது தேதியோடு அனுபவச் சான்று இவற்றை வாங்கி வையுங்கள். அந்த ஆஸ்பத்திரி மூடிப்போனால் பிறகு யாரிடமும் கேட்க முடியாது.

இங்கே ஒரு கசப்பான விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் எட்டு மாதம் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் பார்த்ததாகச் சான்று வாங்கினார். "எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரிபார்க்கக் கேட்டபோது ஆஸ்பத்திரி எட்டு மாதம் என்று உண்மையைச் சொல்லிவிட்டது. அறிக்கை பாதகமாக வந்தது. அடுத்த நாட்டுக்கு மனுப் போட்டபோதும் பழைய அறிக்கை அவருக்கு முன்னால் போய் நின்றது. எட்டு மாத அனுபவம் உள்ளவர் இன்னும் பதினாறு மாதம் பொறுத்திருந்தால் போதுமே! பொய்ச் சாட்சியம் பெரும் பாவம் என்று இந்த மண்டபத்தில் ஓதிக்கொடுக்கிறோம். அனுபவச் சான்றும் ஒரு சாட்சியம்தான். அதில் கூடுதலாக எழுதித் தரச் சொல்பவரும், எழுதித் தருபவரும், தெரிந்தே பயன்படுத்துபவரும் அந்தப் பாவத்தில் பங்காளிகள். நோயாளியின் உயிர் அந்தக் கையில் ஒப்படைக்கப்படுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது பெயர். இது சின்ன விஷயம் போலத் தெரியும். நம் வீடுகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "பாத்திமா பீவி", முன்னால் ஓர் இனிஷியல். ஆதாரில் "பீவி" இல்லை. நர்சிங் சான்றிதழில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து வாப்பா பெயர், அல்லது கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெயர். நான்கு காகிதத்தில் நான்கு பெண்கள்! அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கு இவர்கள் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்ததும், நம்மில் சிலர் விமான நிலையம் வரை போய்த் திண்டாடியதும் நினைவிருக்கலாம். பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும்போதே முழுப் பெயரைச் சரியாகக் கொடுங்கள். பிறகு வரும் எல்லாக் காகிதத்திலும் அதே எழுத்துகள் இருக்கட்டும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய என்.எம்.சி. கவுன்சில் இருக்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் வாசிப்பு, கேட்பது, பேசுவது மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும், அல்லது ஓ.இ.டி. தேர்வு. பிறகு கணினித் தேர்வு, அதன்பின் அந்நாட்டில் செய்முறைத் தேர்வு. ஏ.என்.எம். படிப்பை வைத்து அங்கே நர்ஸாக முடியாது. முடியாது என்றவுடன் "கேர் விசாவில் போகலாம்" என்று ஓர் அலை வந்தது. முதியோர் பராமரிப்பு வேலைக்கான அந்த விசாவுக்காக நகையை விற்றவர்கள் உண்டு. 2024 மார்ச் 11 முதல் அதில் புதிதாகப் போகிறவர் குடும்பத்தை அழைத்துப் போக முடியாமல் ஆனது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் அந்த வாசலே மூடப்பட்டது. இன்றும் யாராவது "இங்கிலாந்து கேர் விசா, இத்தனை லட்சம்" என்று வந்தால், அவரிடம் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் ரெஜிஸ்டர்டு நர்ஸாக 2005-லிருந்து பல ஆண்டுகள் பட்டப்படிப்பு கேட்டு வந்தார்கள். அப்போது ஜி.என்.எம். முடித்தவர்களுக்கு அங்கே இயல்பாக அமைந்தது பிராக்டிகல் நர்ஸ் வழிதான். அதற்கும் கல்வி மதிப்பீடு, மொழித் தேர்வு, உரிமத் தேர்வு எல்லாம் உண்டு. அந்த நாட்டில் குடியுரிமைத் துறை வேறு, உரிமம் தரும் மாகாணக் கல்லூரி வேறு. "பி.ஆர். கிடைத்துவிட்டது" என்று ஸ்வீட் கொடுத்துவிட்டுப் போனவர்கள், உரிமத்துக்காக இரண்டு மூன்று வருடம் முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்துக் காத்திருப்பது சாதாரணமாக நடக்கிறது. விசா நாட்டுக்குள் விடும். வார்டுக்குள் விடுவது உரிமம். இரண்டையும் தனித்தனியாக விசாரியுங்கள்.

அமெரிக்காவில் ரெஜிஸ்டர்டு நர்ஸுக்கு ஒரு சலுகை உண்டு. உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. பிராக்டிகல் நர்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. நிரூபித்த பின்னும் இந்தியர்களுக்கான பச்சை அட்டை வரிசை பல வருட நீளம். ஆகவே "பிராக்டிகல் நர்ஸ், அமெரிக்கா, ஆறே மாதம்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். ஜெர்மனியில் வேலை இருக்கிறது. ஆனால் முழு அங்கீகாரத்துக்குப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலை தேவை. அதற்கு ஒரு வருட உழைப்பாவது வேண்டும்.

இனிப் பணம். 2015-ல் கேரளத்தில் நடந்ததைப் பலர் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். குவைத் சுகாதார அமைச்சகத்துக்கு நர்ஸ் எடுக்க ஒப்பந்தம் பெற்ற ஒரு நிறுவனம், 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஆளுக்கு 19.5 லட்சம் வாங்கியதாக வழக்கானது. எல்லாம் படித்த பிள்ளைகள்; ஆனாலும் கொடுத்தார்கள். அந்த ஆண்டில்தான் மத்திய அரசு நர்ஸ்களுக்கென்று விதியை இறுக்கியது. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த மற்றவர்களுக்கு வளைகுடா போகக் குடியேற்ற அனுமதி தேவையில்லை. நர்ஸாகப் போகிறவருக்குத் தேவை. சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இது பொருந்தும். அரசு நிறுவனங்கள் மூலமோ, மத்திய அரசு இதற்கென அனுமதித்தவர்கள் மூலமோதான் ஆள் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுக்கே 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, சென்னை கிண்டியில். நம் ஊரில் அதன் வாசலை மிதித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஏன்? அங்கே யாரும் "நாளைக்கே டிக்கெட்" என்று சொல்ல மாட்டார்கள்.

பதிவு பெற்ற ஏஜெண்டுக்கும் கட்டண வரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். அதற்கு ரசீது தர வேண்டும். அவருடைய உரிம எண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். எப்படிப் பார்ப்பது என்று தெரியாதவர்களுக்கு நம் அலுவலகத்துத் தம்பிகள் பார்த்துச் சொல்வார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனில் மிக நீளமான வசனம் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுகிறவர் என்பதற்காக லட்சக்கணக்கில் ரசீதே இல்லாமல் கொடுத்துவிட்டு வருகிறோம். கேட்டால், "அவரைப் போய் எப்படி எழுதிக் கேட்கிறது?" என்கிறோம். எழுதச் சொல்வது அவமரியாதை இல்லை. அது மார்க்கம் சொன்ன ஒழுங்கு.

விசிட் விசாவில் போய், அங்கே வேலை தேடலாம் என்ற யோசனை வரும். உரிமமும் வேலை அனுமதியும் இல்லாமல் அங்கே நோயாளியைத் தொடுவது குற்றம். பிடிபட்டால் தண்டனை ஏஜெண்டுக்கு இல்லை, நம் பிள்ளைக்கு. இன்னொன்று, குடியேற்ற அனுமதியோடு முறையாகப் போகிறவருக்குச் சில நூறு ரூபாயில் 10 லட்சம் வரை விபத்துக் காப்பீடு உண்டு. குறுக்கு வழியில் போனவருக்கு அதுவும் இல்லை.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா என்ற கேள்வி உங்களில் பலர் மனதில் இருக்கும். அது மார்க்கச் சட்டக் கேள்வி, ஆலிம்களிடம் கேளுங்கள். நர்சிங் வேலையே நமக்கு உகந்ததா என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒன்று நினைவூட்டுகிறோம். அகழ்ப் போரில் காயம்பட்ட ஸஅத் இப்னு முஆத் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள், மஸ்ஜிதுந் நபவியில் ருஃபைதா ரலியல்லாஹு அன்ஹா அவர்களின் கூடாரத்தில்தான் சிகிச்சைக்கு வைக்கப்பட்டார்கள். இந்த வேலைக்கு நம் வரலாற்றில் இடம் உண்டு.

இந்த ஆண்டு முதல் அறக்கட்டளை கடைப்பிடிக்கப் போவதைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று, கவுன்சில் அங்கீகாரத்தைப் பார்த்த பிறகே நர்சிங் கட்டணம் தருவோம். காசோலை கல்லூரி பெயரில் போகும்.

இரண்டு, ஏ.என்.எம். படிக்க விரும்பும் பிள்ளைக்கும் உதவுவோம். ஆனால் அதை வைத்துக் கிராம சுகாதார செவிலியராகலாம், பிறகு ஜி.என்.எம். சேரலாம், நேராக வெளிநாட்டில் மேல் படி கிடைக்காது என்று எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் கொடுப்போம்.

மூன்று, சரிபார்ப்புக் கட்டணம், உரிமத் தேர்வுக் கட்டணம், மொழிப் பயிற்சி இவற்றுக்கு வட்டியில்லாக் கர்ழன் ஹஸனா உண்டு. வேலை கிடைத்த பின் தவணையில் திருப்பலாம். இதற்காக யாரும் வட்டிக்கடை வாசலுக்குப் போக வேண்டாம். ஏஜெண்டுக்குக் கைமாற்றாகக் கொடுக்க மட்டும் ஒரு ரூபாயும் தர மாட்டோம்.

நான்கு, ஞாயிற்றுக்கிழமைதோறும் அஸருக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கொண்டு வாருங்கள். போட்ட பின் கொண்டு வந்தால் எங்களால் துஆ மட்டும்தான் செய்ய முடியும்.

அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாங்களே சொல்கிறோம். ஒருவர் பக்கத்து ஊர் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறார். ஒருவர் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறார். மூன்றாமவர், அந்த வாப்பாவின் மகள், மறுபடியும் முதலிலிருந்து ஏ.என்.எம். சேர்ந்து இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறார். அந்தக் கட்டணத்தை ஜகாத் நிதியிலிருந்து எடுக்கவில்லை. ஏழைகளின் அமானிதத்தை விசாரிக்காமல் செலவழித்தது எங்கள் தவறு. அதனால் நிர்வாகிகள் ஐந்து பேரும் சொந்தப் பணத்தில் கட்டுகிறோம். ஆனால் பணத்தைத் திருப்பிக் கட்டலாம். அந்தப் பிள்ளையின் ஆறு வருடத்தை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உங்கள் பிள்ளைகளின் வருடங்களாவது வீணாகக் கூடாது.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்கள் தொடும் நோயாளிகளுக்கு ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.